நைனாவின் கண்ணும் மணி பிளான்ட் பூச்சியும்

நைனாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணெதிரே கறுப்பாகப் பூச்சி பறப்பதுபோல் தெரிந்தால் அன்றைக்கே கூட்டி வர வேண்டும், தாமதித்தால் பார்வை போய்விடும். ஒரு மாதம் ஏரிப் பக்கம் போகக் கூடாது என்றும் சொன்னார். ஆயுசு முழுக்கத் தோணிரேவு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடித்த மனிதர். வீட்டுக்குள் சும்மா உட்காருவாரா? பார்ப்பதற்குப் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று மீஞ்சூரில் மூன்று மணி பிளான்ட் வாங்கி அவர் கட்டிலருகே வைத்தேன். எங்கள் வாசல் மண் உப்பு என்பதால், எங்கள் ஊரிலிருக்கும் பழைய டச்சுக் கல்லறைச் சுவருக்கு வெளியே மரத்தடியில் மண் அள்ளி வந்து தொட்டிகளை நிரப்பினேன்.

பத்தாம் நாள் காலை, கண்ணெதிரே என்னவோ பறக்கிறது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று டம்ளரை எடுத்தால், உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஒரு பூச்சி மிதக்கிறது. இன்னொன்று என் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது. அவற்றைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். கண்ணில் ஒன்றுமில்லை, பறப்பது நிஜப் பூச்சிதான் என்று நைனாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஆபரேஷன் ஆன கண்ணில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது? எங்கிருந்து வருகிறது என்றும் புரியவில்லை. கருவாட்டுப் பானையைத் துணி கட்டி மூடினேன். வலையை எடுத்து வெளியே போட்டேன். பூச்சி குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இறால் தோலைக் கொட்டும் குழிதான் காரணம் என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். அவள் அசரவில்லை. கல்லறை மண்ணைக் கொண்டுவந்து வைத்தால் வெள்ளைக்காரன் பூச்சியாகத்தான் வருவான் என்று கேலி செய்தாள். கோபம் வந்தாலும் அன்று முழுக்க அந்தத் தொட்டிகளைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பிலைப் புகை போடலாம் என்றால் அது நைனாவின் கண்ணுக்கு ஆகாது.

மறுநாள் இறால் கழுவிய தண்ணீரை வழக்கம்போலத் தொட்டியில் ஊற்றினேன். மண்ணிலிருந்து குப்பென்று பூச்சிக் கூட்டம் எழும்பியது. சட்டியும் கையுமாக நின்றேன். எங்கள் ஊரில் அந்தத் தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றினால் தளதளவென்று வரும். வாசல் மரத்துக்கு ஊற்றிய கை, அதே பழக்கத்தில் வீட்டுக்குள்ளும் தினம் ஊற்றியிருக்கிறது. நானே பூச்சியை வளர்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியை வம்புக்கு இழுத்திருக்கிறேன். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தேன். மண் காய்ந்து வெடிக்கும்வரை தண்ணீர் காட்டவில்லை. பிறகும் நல்ல தண்ணீர் மட்டும், அதுவும் கொஞ்சம். மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் செருகி வைத்தேன். முதல் நாள் பூச்சி ஒட்டி மூடியே கறுப்பாகிவிட்டது. துடைத்துத் துடைத்துப் பூசினேன். இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டுதான் ஒட்டின. அப்புறம் நாலு நாளாக ஒன்றுமே இல்லை. பூச்சி போய்விட்டதா என்று நைனாவைக் கேட்டேன். போய்விட்டது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் ஜன்னலைப் பார்த்தபடி முகத்தெதிரே கையை வீசினார். சற்றுப் பொறுத்து மறுபடியும் வீசினார். நான் மூடியை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் மட்டும் பளபளத்தது.

"இன்னா நைனா, பூச்சியா?"

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"நீ இம்மாம் பாடுபட்டியேன்னு சொல்லலம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் போவல. அது செடிகிட்ட போறதே இல்ல. நான் எங்க பாக்குறனோ அங்கதான் வருது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகப் பறந்துகொண்டிருந்ததில் எது எது என்று அவருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய செருப்பைத் தேடி எடுத்தேன். எண்ணெய்க் கையில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது.