மூன்றாவது கேஸ்கெட்

கேஸ்கெட் சரியில்லை என்றுதான் அரசப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கிற தகடு அது. சரியாக உட்காராவிட்டால் தண்ணீரும் ஆயிலும் கலந்து வண்டி நின்றுவிடும். வாடிக்கையாளர் சபரிநாதனின் பழைய மாரிஸ் மைனர் கார் இரண்டு முறை அப்படித்தான் நின்றது. இரண்டு முறையும் அரசப்பன் தகட்டைத் திட்டினார், தகடு செய்தவனைத் திட்டினார், அவன் வம்சத்தையும் விடவில்லை.

புதுவாயல் கூட்டுரோட்டில் அவர் ஷெட் போட்டு முப்பது வருடம் ஆகிறது. திருவாலங்காட்டுப் பக்கம் அண்ணன்கள் நெல் போட்டுக்கொண்டிருக்க, சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று கிரீஸில் கை வைத்தவர். பழைய கார் என்றால் சென்னையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். காரணம் அந்தக் கை. இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பானர் அவரிடம் கிடையாது. அந்த அளவெல்லாம் புது போல்ட்டுக்கு, இழுபட்டுக் களைத்த போல்ட்டுக்குக் கைதான் அளவு என்பார். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் அத்தனை வருடமும் அது பொய்த்ததில்லை.

சர்க்கரை வந்து பத்து வருடம் இருக்கும். போன வருடம் சந்தைக்குப் போனவர், ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். வார் தேய்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். விரல்கள் மரத்துப்போனதை மட்டும் மனைவி ஜோதிலட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமே என்ற பயம்.

இந்த முறை சபரிநாதன் கத்தவில்லை. மகள் கல்யாணத்துக்கு அந்தக் கார் வேண்டும், இதுவும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். இந்த ஒரு வண்டி கைவிட்டுப் போனால் மொத்தப் பிழைப்பும் போகும்.

புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் அலைந்து திரிந்து செம்புத் தகடு ஒன்று பிடித்தார். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இளக வைத்தார். தகடு உட்காரும் இடத்தை மணிக்கணக்கில் துடைத்தார். நடுவில் தொடங்கி, மாற்றி மாற்றி வெளிப்பக்கமாக நட்டுகளை இறுக்கினார். முன்பெல்லாம் ஓர் இடத்தில் கை 'போதும்' என்று சொல்லும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. குத்துமதிப்பாக நிறுத்திவிட்டுக் கெங்கையம்மனைக் கும்பிட்டுக்கொண்டார்.

வண்டி ஓடியது. சூடேறிய பிறகு மறுபடி ஓர் இறுக்கு இறுக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, இடது கையை ஊன்றிக்கொண்டு ஸ்பானரை இழுத்தார்.

தேர்வாய் கண்டிகையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஜோதிலட்சுமிக்கு ஷெட் வாசலிலேயே ஒரு தீய்ந்த வாடை அடித்தது. உள்ளே பார்த்தவள் பையைப் போட்டுவிட்டு ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கொதிக்கிற சைலன்சர் குழாயின் மேல் ஊன்றியிருந்தார். உள்ளங்கைத் தோல் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அரசப்பன் கையைத் திருப்பி, வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"எரியலயா உங்களுக்கு?" என்றாள்.

"இல்ல ஜோதி. ரொம்ப நாளாவே ஒண்ணும் தெரியல. தகடு மேல தப்பு இல்ல, என் கைதான்."

சொல்லிவிட்டு அழுதார். அவள் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். அவர் நகரவில்லை. சூடு ஆறுவதற்குள் இறுக்கியாக வேண்டும், இதுவும் போனால் நாம் தெருவில்தான் நிற்போம், நீயாவது இறுக்கு என்று கெஞ்சினார். இந்தப் பிடிவாதத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. அவரைக் கிளப்ப வேறு வழி தெரியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரைப் பிடித்தாள். அவர் காட்டிய நட்டை இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"எது வரிக்கும் இறுக்கறது? போதும்னு எப்டித் தெரியும்?"

அது அவர் கைக்குத்தான் தெரிந்திருந்தது, சொல்லால் அவர் ஒரு நாளும் அறிந்ததில்லை. ஸ்பானரை விடாமல் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல ஜோதி," என்றார்.