கேட்டைத் திறந்துகொண்டு வந்த சிப்பாய்

ஒரே கதையை மூன்றாவது தடவை படம் எடுக்கிறவர்கள் அதைக் கெடுக்காமல் விடமாட்டார்கள் என்று நான் ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஆபீஸ், தாம்பரத்தில் வீடு. மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் பார்த்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. இதனால் யாருக்கும் லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு யுத்தப் படத்தின் விஷயத்தில் மட்டும் அப்படி நிம்மதியாக இருக்க முடியவில்லை.

இங்கிலீஷ் படம்தான். கதை ரொம்பச் சாதாரணம். பனி கொட்டும் ஊரில் ஒரு சிப்பாய். அவனுக்கு வயதான அம்மா, புது மனைவி, ஒரு நாய். வீட்டு முன்னால் ஒரு மரக் கேட். சண்டைக்குப் போகிறான். இந்தக் கதையின் முதல் படத்தை அப்பா பார்த்திருந்தார். இரண்டாவது உலக யுத்தம் நடந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால், பட்டணத்தில் ஏதோ ஒரு தியேட்டரில் பார்த்தது. அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். எதைச் சொன்னாலும் பரீட்சைக்குச் சொல்லித் தருவது போலத்தான் சொல்வார். "கடைசியில அவன் சேத்துல விழுந்து செத்துப் போவான். தந்தி வரும். அந்தப் பொண்ணு அதைக் கையில வெச்சிக்கிட்டு கேட்டுகிட்ட நிப்பா. அவ்வளவுதான், தி எண்ட்" என்பார்.

இரண்டாவது படத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த டூரிங் கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் எப்போதாவது இங்கிலீஷ் படம் போடுவார்கள். காலேஜ் பையன்களும் ஏர்ஃபோர்ஸ்காரர்களும் வந்து நிரப்புவார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தான் ராணுவத்தில் இருந்தார், லீவில் வந்திருந்தார். அவர்தான் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கினார். அப்பா மட்டும், "முடிவு தெரிஞ்ச படத்துக்கு எதுக்குப் பணம்" என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தின் ஒரே பிரதியைக் குரோம்பேட்டையில் ஒரு கொட்டகையும் இவர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் இங்கே ஓடி வருவார். லெவல் கிராசிங்கில் கேட் போட்டுவிட்டால் இங்கே திரை வெளுத்துப் போகும். ஜனங்கள் விசிலடிப்பார்கள், சோடா விற்கும். அது படம் பார்ப்பதில் ஒரு பகுதி என்றே எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

வசனம் பாதி புரியவில்லை, மீதி காதில் விழவில்லை. ஆனால் சிப்பாய் குண்டடிபட்டுச் சேற்றில் விழுந்தது நன்றாகவே புரிந்தது. கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தான், அது சேற்றில் ஊறியது. தந்தி வந்தது. அந்தப் பெண் கேட்டருகே நின்றாள். திடீரென்று திரையில் தி எண்ட் என்று எழுத்து வந்தது. உடனே ஆபரேட்டர் லென்ஸைக் கையால் மறைத்துவிட்டார்.

"இன்னாய்யா, பாதிலயே எண்டு போட்டுகினு கீற!" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்த, கொட்டகையே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வந்தது. அடுத்த பெட்டி ஓடியது. பார்த்தால், தூரத்துப் பாதையில் தோளில் பையோடு சிப்பாய் நடந்து வருகிறான்! நாய் பாய்ந்து ஓடுகிறது. அவன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். ஈரக் கையோடு ஓடி வந்த மனைவி அழுகிறாள், சிரிக்கிறாள், தான் பின்னிய மஃப்ளரை அவன் கழுத்தில் சுற்றிவிடுகிறாள். அதோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திரும்பி நடக்கும்போது நான் வழக்கம்போல் நோண்டினேன். "செத்தவனுக்கு ஏற்கெனவே ஒரு மஃப்ளர் இருந்துச்சே, இது எதுக்கு?"

"அது சேத்துல போயிடுச்சுடா மண்டு. இது வேற, புதுசு" என்றாள் அக்கா.

அத்தான் அக்காவைப் பார்த்து, "பாத்தியா, தந்தி வந்தப்புறமும் வந்துட்டான் இல்ல? சிப்பாய்னா அப்படித்தான்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அப்பாவோடு பெரிய தர்க்கம். "அவன் செத்துப் போவான். நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் அவர். "அது பழைய படம்பா. இதுல மாத்திட்டாங்க" என்றோம் நாங்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் பேச்சு வந்தாலே சாப்பாட்டு மேசையில் ரகளைதான். அப்பா ஒருநாளும் விட்டுக் கொடுத்ததில்லை.

எழுபத்தொன்றில் சண்டை வந்தது. அத்தானைக் கிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். சண்டை சீக்கிரமே முடிந்து, ஊரெல்லாம் பட்டாசு வெடித்தபிறகு எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்று இருந்தது. அக்கா முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

"காணோம்னுதானே போட்டிருக்கான்? படத்துலயும் தந்தி வந்துச்சு. அதுக்கப்புறம்தானே அவன் வந்தான்" என்றாள். படித்தவள், பள்ளிக்கூட டீச்சர். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சைக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்தது. அப்பா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். "ஆமாம்மா. நான் பாத்த படத்துலயும் அவன் வந்துட்டான். எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றார். அத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்த மனிதர் ஒரு மூச்சில் மாற்றிச் சொன்னார்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். சண்டை நாட்களில் ஞாயிறு ஆராதனையில் யுத்தமுனையில் இருக்கும் சபையாரின் பேர்களை ஐயர் ஒவ்வொன்றாகச் சொல்லி, சுகமாய்த் திரும்பி வர ஜெபிப்பார். ஒவ்வொரு பேருக்கும் சபை ஆமென் சொல்லும். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், பேர்கள் குறைந்தன. கடைசியில் அத்தான் பேர் மட்டும் மிஞ்சியது. யுத்தமே இல்லாத நாட்டில், வாராவாரம், யுத்தமுனையில் இருக்கிறவர்களுக்காக என்று தொடங்கி ஒரே ஒரு பேரை வாசிப்பார். எடுத்துவிடலாமா என்று ஐயர் ஒருமுறை மெதுவாகக் கேட்டதற்கு அக்கா கோயிலிலிருந்து எழுந்தே போய்விட்டாள். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடம் அவளைத் தலைமை ஆசிரியையாகக் கூப்பிட்டது, குடியிருக்க வீடும் தருவதாகச் சொன்னது. "அவர் வந்து கேட்டைத் திறந்து பாத்தா நான் இருக்க வேணாமா?" என்று மறுத்துவிட்டாள். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட அவள் யாரையும் விட்டதில்லை. தெரு மாடெல்லாம் உள்ளே வந்து செடியைத் தின்றுவிட்டுப் போகும்.

இப்படிச் சில வருஷம் போனபிறகுதான் மூன்றாவது படம் வந்தது. முதலில் மவுண்ட் ரோடில் போட்டார்கள். ஆபீஸ் முடிந்து நான் தனியாகப் போனேன். ஆரம்பத்தில் எனக்குக் கொண்டாட்டம். நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. கலரில் பனி நீலம் போட்ட வேட்டி மாதிரி இருந்தது. ரத்தம் குங்குமக் கரைசல். சிப்பாய்க்குக் காதுக்குக் கீழே வரைக்கும் கிருதா. போர்க்களத்தில் எந்த பார்பர் அதை ஒதுக்கிவிட்டாரோ! பழைய படத்தில் பீரங்கி ஒருமுறைதான் வெடிக்கும், அதற்கே கொட்டகை அதிரும். இதில் தீபாவளி. நாய் மட்டும் நன்றாக நடித்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சிப்பாய் பாதையில் நடந்து வந்தான். தோளில் பை. நாய் ஓடியது. கேட்டைத் திறந்தான். மனைவி ஈரக் கையோடு ஓடி வந்து மஃப்ளரைச் சுற்றினாள். பத்து நாள் லீவு என்று அவன் அம்மாவிடம் சொன்னான். இந்தத் தியேட்டரில் வசனம் காதில் விழுந்தது.

அப்புறம் அவன் திரும்பிப் போனான். அந்த மஃப்ளரோடு சேற்றில் விழுந்தான். தந்தி, கேட், தி எண்ட். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சைக்கிள்காரர் கடைசிப் பெட்டியை அதற்கு முந்தின பெட்டிக்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்! ஆபரேட்டர் கைக்குக் கிடைத்ததை ஓட்டியிருக்கிறார். தி எண்ட் என்று எழுதிக் காட்டியும் நாங்கள் அவரைத்தான் பார்த்துச் சிரித்தோம். எந்தப் படத்திலும் யாரும் எதையும் மாற்றவில்லை. மூன்று படத்திலும் அவன் செத்துத்தான் போகிறான்.

வீட்டுக்கு வந்து அப்பாவைத் தனியாகப் பிடித்தேன். "நீங்க சொன்ன மாதிரிதான்பா முடியுது" என்றேன்.

"நான் என்ன சொன்னேன்? வந்துட்டான்னுதானே சொன்னேன்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு குரலை இறக்கி, "அவகிட்ட வாயைத் திறக்காதே" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் அந்தப் படம் தாம்பரத்துக்கே வந்துவிட்டது. ஸ்டேஷன் சுவரில் போஸ்டர். அக்கா பார்த்துவிட்டு வந்து, "பழைய படத்தையே கலர்ல எடுத்திருக்காங்களாமே, போலாமாடா?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சகிக்கலைக்கா. நான் பாத்துட்டேன். காசைக் கரியாக்காதே."

"நீ எந்தப் படத்தைடா நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க?" என்று சிரித்தாள். இத்தனை நாள் குறை சொல்லிச் சொல்லி, தேவைப்படும்போது என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. வேண்டாம் என்று எவ்வளவோ சாக்குச் சொன்னேன். வெயில் என்றேன், கூட்டம் என்றேன். சனிக்கிழமை மேட்னிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அவளே தனியாகப் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அப்பா ஈஸி சேரை முன்னறைக்கு இழுத்துப் போட்டு, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார், புரட்டவில்லை. நான் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தேன். இடைவேளையில் எழுந்து வந்துவிடமாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டைத் திறந்துகொண்டு அவன் வந்த இடத்தோடு அவளும் வந்துவிட்டால் போதும்.

அவள் வரவில்லை. மேட்னி விடும் நேரம் தாண்டி, வெளிச்சம் இறங்கியபிறகு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள் போல, நெற்றி முடி ஈரமாக இருந்தது. உள்ளே வந்து, திரும்பி, கேட்டைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

அப்பா எழுந்து நின்றார். "வந்துட்டானாம்மா?" என்றார். அப்போதுகூடக் கேட்டார்.

"நீங்க மொதல்ல சொன்னதுதான்பா சரி" என்றாள் அக்கா.

அக்கா அப்பாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்தாள். "அந்த மஃப்ளர் ஒண்ணுதான்டா. ரெண்டு இல்ல" என்று என்னிடம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, நாளையிலேர்ந்து அவர் பேரை வாசிக்க வேணாம்னு ஐயர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவேன்" என்றாள்.

மறுநாள் கோயிலுக்கு முன்னதாகவே போய் அப்பா சொன்னார். ஆராதனையில் ஐயர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், பிரயாணம் போகிறவர்களுக்காக ஜெபித்தார். வழக்கமாக அத்தான் பேர் வருகிற இடம் வந்தது. ஐயர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மழைக்காக ஜெபிக்கத் தொடங்கினார்.

அந்த இடைவெளியில் அப்பா மட்டும் சத்தமாக ஆமென் என்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுடுச்சுப்பா" என்றாள்.