டெனர் வரியைத் தூக்கிய மதியங்கள்

தரங்கம்பாடி ரோஸ்லினுக்குக் காது இரண்டல்ல, நான்கு. காரைக்கால் பஸ் ஹாரன் அடித்தால்கூட அதற்குக் கீழே எந்தச் சுரம் சேர்ந்தால் பொருந்தும் என்று முனகிக்கொண்டேதான் ஏறுவாள். ஒருமுறை அந்த முனகலில் ஓட்டுநர் சொக்கிப்போய், பக்கத்திலிருக்கும் பொறையாருக்குப் போய்ச் சேர அரை நாள் ஆனது. நம்பாதவர்கள் அந்த பஸ்ஸில் வந்த கோழிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வயதிலிருந்து கடலோரத்துச் சின்ன லுத்தரன் கோயிலின் பாடகர் குழுவில் அவள் ஆல்டோ. அதாவது, பெண்களின் கீழ்க்குரல். எந்த ஞானப்பாட்டுக்கும் அவளுக்கு மெட்டு தெரியாது. மெட்டுக்கு அடியில் நடக்கும் ஆல்டோ வரி மட்டுமே தெரியும். கல்யாணம் ஆனதும் அந்த வரிசையில்தான். பின்னால் நின்று டெனர் பாடிய டேவிட்சன், ஆண்களின் மேல்குரலால் இரண்டு வருஷம் அவள் பிடரியைச் சூடாக்கிவிட்டு, பிறகு பெண் கேட்டு வந்தார்.

தொண்ணூறுகளில் டெனர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் மஸ்கட், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் எங்கே என்று அவர் வீட்டுக்கே தெரியாது. கடைசியாக டேவிட்சன் சவூதியில் இருக்கும் தமாம் போனார். இரண்டாயிரத்தொன்று நவம்பரில் மெட்டைப் பாடும் சோப்ரானோவும் ஆல்டோவும் ஆண்களின் கீழ்க்குரலான பேஸும் இருந்தன. டெனர் நின்ற இடத்தில் குடைகள் சாத்தியிருந்தன.

ஒரு வியாழக்கிழமை ஒத்திகைக்கு வந்த பாஸ்டர் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு ரோஸ்லின் பக்கம் திரும்பினார்.

"மூணு கால் நாற்காலி மாதிரி ஆடுதேம்மா. அடுத்த வாரம் அட்வெந்து முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸ் காலம் தொடங்குது. அன்னிலேருந்து கீபோர்டுல தாளத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் ஒரே குரல்ல மெட்டைப் பாடிடுவோம்."

"அன்னிக்கு மட்டும் நாலு குரல்ல பாடிக் காட்டுறோங்கய்யா. ஆடுச்சுன்னா நிறுத்திடுங்க."

"டெனருக்கு எங்க போவே?"

"பொம்பளைங்க பாடுவோம்."

ஒரே குரல் என்றால் ரோஸ்லினுக்குப் பாட வாயே இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

பொறையாரில் அப்துல் வஹாப் பாயின் கணினி அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது அவள் வேலை. பாயின் மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய குறுந்தட்டுகளில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்றும் இருந்தது. ஒன்பது ஞானப்பாட்டுகளைப் போன வருஷமே அதில் ஏற்றி வைத்திருந்தாள். இப்போது டெனர் வரியை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் பெண் தொண்டைக்கு எட்டும். அதற்குக் கிடைத்தது சாப்பாட்டு நேரம், ஒன்றிலிருந்து இரண்டு வரை.

வெளியே தகரத்தில் மழை. திரையில் ஐந்து கோடுகள், வரப்பு வரப்பாக. அவற்றில் கொக்குகள் போல் சுரங்கள். ரோஸ்லின் ஒரு சுரத்தைத் தொடுவாள், மேலே தள்ளுவாள், வாய்க்குள் பாடிப் பார்ப்பாள், அடுத்ததைத் தொடுவாள். வெள்ளி, சனி, திங்கள் போயின. ஒரு பாட்டு முடிந்தது.

செவ்வாயன்று பாய் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, பேன் பாக்குற மாதிரி ஒண்ணொண்ணா புடிக்கிறே?"

"வேற எப்படி பாய்?"

"பத்திரிகையில தாய்மாமன் பட்டியலையே இடம் மாத்தச் சொன்னா என்ன செய்வே? முத பேரைத் தொட்டு, ஷிப்டை அமுக்கிக்கிட்டு, கடைசிப் பேரைத் தொட மாட்டியா?"

"அது மாமன் பட்டியல். இது சாமி பாட்டு. மொத்தமா அள்ளுறது மரியாதை இல்லைன்னு நெனைச்சேன்."

"சாமிக்கு அவசரம் புரியும். அள்ளு."

அள்ளினாள். முதல் சுரம், ஷிப்ட், கடைசிச் சுரம். வரி முழுதும் நீலமாயிற்று. ஒரு விசை தட்டினாள். வயலிலிருந்து கொக்குக் கூட்டம் எழும்புவது போல் அத்தனையும் ஒன்றாக எழும்பின. ரோஸ்லினின் நாற்காலியும் நான்கு விரற்கடை எழும்பிற்று என்று பாய் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். வியாழன் இரண்டு மணிக்கு ஒன்பது பாட்டும் அச்சாகிக் கையில் இருந்தன.

வெள்ளி மாலை ஒத்திகை. சோப்ரானோவில் நின்ற சான்ட்ராவும் இன்னும் மூன்று பெண்களும் டெனருக்கு மாறினார்கள். பாட்டு தொடங்கியது. பேஸ் பாடும் தபால்காரர் எல்வின், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல்காரர், தாளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கீச்சென்று உச்சியில் பாடினார். அவர் பக்கத்தில் நின்றவரும் அப்படியே. தாளில் உள்ளதை மறுத்துப் பாடும் பழக்கம் அந்தக் குழுவில் இல்லை. மீன்கடைப் பூனைகள் பதினேழு, கோயில் வாசலில் வந்து உட்கார்ந்தன.

"எல்வின் அண்ணே, என்ன இது?"

"நீ எழுதுனதைத்தான் பாடுறேன். என் வயசுக்கு இது அடுக்குமா, சொல்லு."

ரோஸ்லின் தாளை வாங்கிப் பார்த்தாள். டெனரும் பேஸும் ஒரே ஐங்கோட்டில் குடியிருப்பவை. சுரத்தில் ஒட்டிய குச்சிக் கொம்பு மேலே நின்றால் டெனர், கீழே தொங்கினால் பேஸ். அள்ளிய அள்ளில் இரண்டும் சேர்ந்து மேலே போய்விட்டன. எட்டுப் பாட்டில் அப்படி. ஒண்ணொண்ணாய்ப் பிடித்த முதல் பாட்டு மட்டும் சரி.

சனி மதியம் ஒரு மணி நேரம் மிச்சம். கொம்பு தொங்குகிற சுரங்களை ஒவ்வொன்றாக இறக்கினால் ஒரு பாட்டுகூடத் தேறாது. மறுபடி எல்லாவற்றையும் நீலமாக்கினாள். இதுவரை திறக்காத பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில், அள்ளியதைச் சலிக்க வழி இருந்தது: மேல் குரல் மட்டும், கீழ்க் குரல் மட்டும். கீழ்க் குரலைத் தொட்டாள். டெனர் கறுப்பாகித் தங்கியது. பேஸ் மட்டும் நீலமாக நின்றது. விசையைத் தட்டினாள். எல்வின் அண்ணன் நாற்பது வினாடியில் கிணற்றுக்குத் திரும்பினார். எட்டுப் பாட்டும் முடிந்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் நேரமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாடினார்கள். எப்போதும் நடுவில் புதைந்து கிடக்கும் டெனர் வரி, இப்போது சோப்ரானோவையும் தாண்டி, கோயில் உத்தரத்தடியில் மிதந்தது. அந்த வரியைத் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே ரோஸ்லின் தன் ஆல்டோவைப் பாடினாள். நாற்காலி ஆடவில்லை. மூன்றாம் பாட்டுக்குள் கோயிலே கரையைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து, ஆமென் சொன்னதும் திரும்பி வந்து நின்றது.

ஆராதனை முடிந்து பாஸ்டர் கீபோர்டின் மேல் துணியைப் போர்த்தினார்.

"கிறிஸ்துமஸுக்கு எத்தனை பாட்டும்மா போடலாம்?"

"ஆறு போடலாங்கய்யா."

சாயங்காலம் தமாமிலிருந்து டேவிட்சனின் போன் வந்தது. நாலு குரலிலும் பாடியாயிற்று என்று ரோஸ்லின் சொன்னாள்.

"ரோசு, என் வரியை யாரு பாடுனா?"

"நாலு பொண்ணுங்க. உங்களைவிட ஒரு ஸ்தாயி மேல."

அந்தப் பக்கம் டேவிட்சன் தன் வரியை முனகிப் பார்த்தார்.

"மூணாவது வரி நடுவுல நான் மூச்சு வாங்குவேன். அவங்களையும் வாங்கச் சொல்லு."

"அவங்களுக்கு மூச்சு இருக்குங்க."

"நான் லீவுல வந்தா எங்க நிக்கிறது?"

ரோஸ்லின் யோசித்தாள். "எல்வின் அண்ணன் பக்கத்துல இடம் இருக்கு. பேஸ் வரியை அனுப்பி வைக்கிறேன், இப்பவே படிக்க ஆரம்பிங்க."