வெந்நீர்க் குழாயின் கீழே எடுத்த அளவு

கோல்ஃப் கிளப்பின் அடித்தளத்தில் பட்டறை வைத்திருந்தவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வாக்காளர் பட்டியலோடு சரி.

கடையில் விற்கும் கோல்ஃப் மட்டை, நடுத்தர உயரமும் நடுத்தரக் கையும் உள்ள யாரோ ஒரு மனிதனை நினைத்துச் செய்தது. அப்படி ஒரு மனிதன் உலகத்தில் எங்குமே இல்லை என்பது அளவுக்காரரின் கட்சி. அதனால் புது மட்டை வாங்கிய உறுப்பினர் யாராக இருந்தாலும் முதலில் படியிறங்கி அவரிடம்தான் வர வேண்டும். அவர் தண்டைக் குட்டையாக்குவார் அல்லது நீட்டுவார், இரும்புத் தலையை இடுக்கியில் இறுக்கிச் சாய்வை மாற்றுவார், உள்ளங்கைக்குத் தக்கபடி பிடியைப் பருமனாக்குவார். அவர் கையிலிருந்து போன மட்டையைப் பதினோரு வருஷமாக ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதை அவர் தானாகச் சொல்ல மாட்டார். ஆனால் பேச்சு அந்தப் பக்கமாக வரும்படி பார்த்துக்கொள்வார்.

அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் ஊன்றுகோல் செய்துகொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து தரைவரை நாடா பிடிக்கும் வித்தையை அங்கேதான் கற்றார். ஒரு கொள்கையையும் அங்கிருந்தே கொண்டுவந்தார். "ஆளைத் திருத்துறது டாக்டர் வேலை. கோலைத் திருத்துறதுதான் நம்ம வேலை" என்பார். அதனால் அளவெடுக்கும்போது யாரையும் நிமிர்ந்து நில் என்று சொன்னதே கிடையாது. "நீங்க எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க சார்" என்பார். நிற்பார்கள். நாடா பிடிப்பார். பிறகு மட்டையின் அடியில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பலகையில் வைத்த பந்தை அடிக்கச் சொல்வார். பட்டையில் கீறல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத் தலையின் சாய்வை முடிவு செய்வார். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிப் பெட்டியில் அடுக்குவார். நூற்று நாற்பது உறுப்பினர்கள், நூற்று நாற்பது அட்டைகள்.

அந்த நூற்று நாற்பது பேரும் குனிந்தே நின்றார்கள்.

குழந்தை தொலைத்த காசைத் தேடுவதுபோல முட்டி மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்து நின்றார்கள். அளவுக்காரருக்கு அதில் எந்த விபரீதமும் தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் கோல்ஃப் ஆடியதில்லை. பெரிய மனிதர்களின் ஆட்டம், குனிந்துதான் ஆடுவார்கள்போல என்று நினைத்தார். எப்போதாவது மேலே போய் மைதானத்தைப் பார்த்தாலும், அங்கேயும் அத்தனை பேரும் குனிந்தே ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடாமல் என்ன செய்வார்கள்? அவர் வெட்டிக் கொடுத்த மட்டை இரண்டு அங்குலம் குட்டை. நிமிர்ந்தால் பந்தை எட்டாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழையவர்களைப் பார்த்துக் குனியக் கற்றுக்கொண்டார்கள். வெளியூர் ஆட்டக்காரர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, இது ஏதோ ரகசியப் பயிற்சி என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனதாகக்கூடப் பேச்சு.

அளவுக்காரரின் மனைவி அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்தாள். அவரைவிட ஒரு தலை உயரம். கல்யாணப் போட்டோவில் இவர் செங்கல்மேல் நிற்பதை இருவருமே மறைத்ததில்லை. அவளிடம் வரும் கோல்ஃப்காரர்களுக்கு எல்லாம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரே இடத்தில் வலி. "உங்க கிளப் ஆளுங்க எல்லாருக்கும் ஒரே முதுகா இருக்கு. ஒருத்தரை அமுக்கினா அடுத்தவர் கத்துவார்போல" என்று அவள் சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். பதினோரு வருஷம் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் கிளப்பின் கொதிகலன் பழுதானது. பட்டறையின் கூரையிலிருந்து தொங்கியபடி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு தடித்த வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைகளுக்குப் போகிற குழாய். பழுதுபார்க்க வந்தவர்கள் அதையும் கழற்றி எடுத்துப் போனார்கள். திரும்ப மாட்ட ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அளவுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அவருக்கு அந்தக் குழாயால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

அந்த வாரம்தான் பல் டாக்டரம்மா புதிதாகச் சேர்ந்தார். நல்ல உயரம். கணீர் என்று பேசுவார். எப்பவும்போல நில்லுங்கம்மா என்று அளவுக்காரர் சொன்னதும், பனைமரம்போல நேராக நின்றார். நாடா பிடித்த அளவுக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி பிடித்தார். மூன்றாம் தடவையும் பிடித்தார்.

"என்ன, கை வளந்துக்கிட்டே போகுதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லம்மா. உங்க உடம்புவாகு கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார் அளவுக்காரர் மரியாதையாக.

கொள்கை கொள்கைதான். ஆளைத் திருத்த முடியாது. அந்த வித்தியாசமான உடம்புவாகுக்குத் தக்கபடி நீளமான மட்டைகளைச் செய்து கொடுத்தார். இரண்டு வாரத்தில் வருஷாந்திரக் கோப்பைப் போட்டி வந்தது. டாக்டரம்மா நிமிர்ந்து நின்று, முதல் வருஷத்திலேயே, எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். இரண்டாவதாக வந்தவர் கிளப்பின் தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி. பதினோரு கோப்பைகளில் ஆறு அவருடையவை. சுவரில் மாட்டிய பெரிய மரப்பலகையில் அவர் பெயர் ஆறு முறை தங்க எழுத்தில் இருக்கிறது.

மறுநாளே புகார் வந்தது. டாக்டரம்மாவின் மட்டைகள் அளவுக்கு மீறியவை, கோப்பை செல்லாது. புகார் கொடுத்தவர் தலைவர். விசாரிக்கப்போகிறவரும் தலைவர். அனுபவம் உள்ளவர் வேறு யாரும் இல்லை என்று செயலாளர் விளக்கம் கொடுத்தார்.

அளவுக்காரர் அட்டைப் பெட்டியைத் திறந்து, தலைவரின் அட்டையையும் டாக்டரம்மாவின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் சொல்லி எழுதிய உயரம் ஒன்றே. கை நீளம்கூட ஒன்றுதான். ஆனால் மணிக்கட்டிலிருந்து தரைவரை எடுத்த அளவில் மட்டும் இரண்டு அங்குல வித்தியாசம். ஒன்று தப்பு. எது என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க மனைவி பட்டறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று கூரையைப் பார்த்தாள்.

"அந்தக் கொதிக்கிற குழாய் எங்கே?"

"கழட்டிட்டுப் போயிருக்காங்க. ஏன்?"

"நல்லவேளை. போன தடவை வந்தப்ப இங்கே நின்ன நேரமெல்லாம் குனிஞ்சே நின்னேன். முதுகு விட்டுப்போச்சு."

"குனிஞ்சா? எதுக்குக் குனிஞ்ச?"

"எதுக்கா? நிமிர்ந்தா நெத்தி வெந்துடுமே! உங்களுக்கென்ன, கீழேயே போயிட்டு வந்துடுவீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அளவுக்காரர் குழாய் இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அது ஓடியிருக்கிறது. மற்றவர்களுக்கு நெற்றி மட்டம். பதினோரு வருஷமாக நூற்று நாற்பது பேர் சூட்டுக்குப் பயந்து குனிந்திருக்கிறார்கள், அவர் அந்தக் குனிவை அளந்து எழுதியிருக்கிறார். மரியாதைப்பட்டவர்கள், ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் சூடு தாங்காதவர் என்று பெயராகிவிடுமே.

"அந்த ஒரே முதுகு..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"சொல்லாதே" என்றார் அவர். ஸ்டூலில் உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் தலைவர் படியிறங்கி வந்தார். குழாய் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் குனிந்துகொண்டே வந்தார்.

"உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் நானே வந்தேன். அந்த அம்மாவுக்கு அளக்கும்போது நாடா வழுக்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சுது. பதினோரு வருஷத்துல ஒரு தப்பு. மனுஷன்னா நடக்கிறதுதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தலைவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே படியேறிப் போனார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அளவுக்காரருக்குத் தாங்கவில்லை. இல்லாத ஒரு தப்பை ஒப்புக்கொண்டால் நல்ல பெயர் நிலைக்கும். இருக்கிற நூற்று நாற்பதை ஒப்புக்கொண்டால் பெயரும் போகும், வேலையும் போகும். ஊன்றுகோல் செய்த காலத்திலிருந்து அவருக்கென்று இருந்த ஒரே சொத்து, 'அவர் அளந்தால் தப்பாது' என்ற அந்த ஒரு பேச்சுதான். வீட்டுக்குப் போனவர் மனைவியிடம், "நாளைக்கு நெஜத்தைச் சொல்லிடப் போறேன்" என்றார். "சொல்லுங்க. ஆஸ்பத்திரியில மறுபடி கேட்டுப் பார்க்கலாம்" என்றாள் அவள். அவருக்கு அழவேண்டும்போல் இருந்தது, ஆனால் அழவில்லை.

விசாரணை கிளப்பின் மேல்மாடி அறையில் நடந்தது. நீள மேசை. ஒரு பக்கம் நிர்வாகக் குழு ஒன்பது பேர். எதிரே டாக்டரம்மா, கையில் மட்டைப் பையோடு.

"இந்த அம்மாவோட மட்டை அளவு சரியா, தப்பா?" என்று கேட்டார் தலைவர்.

"சரிங்க ஐயா" என்றார் அளவுக்காரர். "இந்த கிளப்புலயே அது ஒண்ணுதான் சரி. மத்த நூத்து நாப்பதும் தப்பு. உங்களோடதும்தான் ஐயா."

குழாய்க் கதை முழுவதையும் சொன்னார். இரண்டு அட்டைகளையும் மேசைமேல் வைத்தார். முதுகுவலியைக்கூட விடவில்லை. கடைசியில், "என்னை மன்னிச்சிடுங்க. எல்லா மட்டையையும் நானே திருத்தித் தர்றேன். அப்புறம் வேலையிலேருந்து நின்னுக்கிறேன்" என்றார். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. இனி யார் எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கையைக் கட்டி நின்றார்.

யாரும் திட்டவில்லை. ஒன்பது பேரும் தலைகளை ஒன்றுசேர்த்துக் கிசுகிசுத்தார்கள். செயலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இவர் சொல்றது சரின்னா, பதினோரு வருஷக் கோப்பையும் தப்பு. அந்தப் பலகையை என்ன பண்றது?"

"பலகையில கைவைக்க முடியாது. தங்க எழுத்து" என்றார் பொருளாளர்.

"நூத்து நாப்பது பேர் ஒரு மாதிரி நிக்கிறோம். ஒருத்தர் வேற மாதிரி நிக்கிறார். இதுல யார் கோணல்?" என்று கேட்டார் தலைவர். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தவரின் கேள்வி.

கால்மணி நேரத்தில் தீர்மானம் எழுதி வாசித்தார்கள். கிளப்பின் முறையான நிலை குனிந்த நிலையே. வெந்நீர்க் குழாய் ஓர் அளவுக் கருவி. அது இல்லாத நேரத்தில் எடுத்த அளவு செல்லாது. ஆனால் அது குழாயின் குறையே ஒழிய, அளவுக்காரரின் குறை அல்ல. புதிய குழாயைப் பித்தளையில், அதே உயரத்தில் மாட்ட வேண்டும். டாக்டரம்மா அதன்கீழ் நின்று மறுபடி அளவு கொடுத்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொள்ளலாம்.

"நான் பல்லுக்குக் குனியறதே போதும்" என்றார் டாக்டரம்மா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோப்பை இல்லாமலே போனார். வாசலில் நின்று அளவுக்காரரைப் பார்த்து, "உங்க அளவு ரொம்ப சரி" என்றார். அந்த ஒரு வார்த்தை இவர் காதில் விழுவதற்குள் செயலாளர் கைதட்டிவிட்டார்.

கைதட்டியது எதற்கென்றால், தலைவர் அங்கேயே ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதினோரு ஆண்டுகள், நூற்று நாற்பது உறுப்பினர்கள், ஒரு பிழையும் இல்லை. ஒன்பது பேரும் எழுந்து, முடிந்தவரை எழுந்து, தட்டினார்கள்.

"ஐயா, நான் தப்புன்னு சொல்றேனே" என்றார் அளவுக்காரர்.

"அதுதான் உங்க அடக்கம்" என்று பத்திரத்தை அவர் கையில் திணித்தார் தலைவர்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"வேலை போச்சா?"

"போகல."

"பின்ன என்ன? திட்டினாங்களா?"

"நான் தப்பே பண்ணலையாம். எழுதியே கொடுத்துட்டாங்க." பத்திரத்தை நீட்டினார். அவள் வாசித்துவிட்டு மடித்தாள். "நீயாவது சொல்லு" என்றார் அவர். "நாளைக்கு உன்கிட்ட வர்றவங்ககிட்ட, உங்க முதுகு போனதுக்கு என் வீட்டுக்காரர்தான் காரணம்னு சொல்லிடு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

"குழாய் விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேங்க, ஏழு பேர்கிட்ட" என்றாள் அவள். "ஏழு பேரும் என்னைத்தான் திட்டினாங்க. கட்டின புருஷனைப் பத்தி வெளியில இப்படியா பேசுறதுன்னு."

அப்போதுதான் அளவுக்காரர் அழுதார்.