காலர் செக்ஷன்

எங்கள் அத்தைக்குச் சட்டையில் காலர் மட்டும்தான் தைக்கத் தெரியும் என்ற உண்மையை மாப்பிள்ளை வீட்டாரிடம் போட்டு உடைத்தவள் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சிட்லபாக்கத்தில் இருந்த எங்கள் நிலம் மனைகளாகி விற்றுப்போன சமயத்தில், தண்டவாளத்துக்கு அப்பால் சானடோரியம் பக்கம் நீளமாக மதில் எழுப்பி, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. வேலைக்குப் பெண்களைத்தான் அதிகம் எடுத்தார்கள். பக்கத்துத் தெருப் பெண்களோடு போய் அத்தையும் ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

அப்பா முதலில் குதித்தார். பிறகு, கல்யாணம் ஆகிறவரைதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வெளியில் யாராவது கேட்டால் மட்டும், தங்கை வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பதாகச் சொல்வார். நாலு பேரை வைத்து வேலை வாங்கிய குடும்பத்துப் பெண், மணி அடித்தால் உள்ளே போய், மணி அடித்தால் வெளியே வருகிறாள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. எனக்கோ அதுதான் பெருமை. கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்க அத்தை கிளம்புகிற மிடுக்கு எங்கள் டீச்சருக்குக்கூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடுவாஞ்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குச் சொந்தமாக மளிகைக் கடை. பஜ்ஜியும் காபியும் முடிந்ததும் பையனின் அம்மா பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அத்தையின் மடியில் வைத்தார்.

"நல்லா தைப்பியாமே? எனக்கு ஒரு ஜாக்கெட் தச்சுக் குடும்மா. கல்யாணத்துக்குப் போட்டுக்கினு வர்றேன்."

அத்தை துணியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கைகொடுக்க வேண்டியது என் கடமை என்று பட்டது.

"அத்தைக்கு ஜாக்கெட்லாம் தெரியாது. காலர் மட்டும்தான். கை தைக்க வேற அக்கா, பட்டன் வைக்க வேற அக்கா. கம்பெனியில எல்லாரும் சேந்தாதான் ஒரு சட்டை!"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், தட்டில் மிஞ்சியதென்று நான் எடுத்த பஜ்ஜி என் கையிலேயே நின்றுவிட்டது.

"கம்பெனியா?" என்றார் அந்த அம்மாள்.

அத்தை நிமிர்ந்தாள். "ஆமாங்க. ரெண்டு வருஷமா போறேன். காலர் செக்ஷன்."

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போய்த் தங்களுக்குள் பேசிவிட்டு வந்தார்கள். "இதுல இன்னா கீது? எங்க தெருவுலயும் பொண்ணுங்க போவுதுங்க. நாளையிலேர்ந்து நின்னுக்கட்டும், அவ்ளோதான்" என்றார் அந்த அம்மாள்.

அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. "நின்னுடுவா, நின்னுடுவா."

"நிக்க மாட்டேண்ணா" என்றாள் அத்தை. மெதுவாகத்தான் சொன்னாள்.

சம்பந்தம் அத்தோடு போயிற்று. அவர்கள் தெரு தாண்டும்வரை பொறுத்திருந்த அப்பா, கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். "காலையில போனா காலரு, சாயங்காலம் வரைக்கும் காலரு. முழுசா ஒரு சட்டை தைக்கத் தெரியல. அதுல இன்னாத்தக் கண்டுட்ட?"

"வயல்ல நாத்து நடறதுலேர்ந்து அறுப்பு வரைக்கும் எல்லாமே எனக்குத் தெரியும். நெலத்த விக்கும்போது என்னை ஒரு வார்த்த கேட்டியாண்ணா?"

பதில் இல்லாதவர்கள் போடுகிற உத்தரவை அப்பா போட்டார்: நாளைக்கு அவள் வாசற்படி தாண்டினால் இந்த வீட்டில் யாரும் அவளோடு பேசக் கூடாது. அம்மா அடுப்படியில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். 'யாரும்' என்றதில் நானும் சேர்த்தியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த உத்தரவு பொங்கல்வரை தாக்குப்பிடித்தது.

திங்கட்கிழமை அத்தை கிளம்பினாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவள் தெருமுனை திரும்பியதும் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், சூடான டிபன் பாக்ஸைக் கையில் திணித்தாள். "ஓடிப் போய் அத்தைகிட்ட குடு. அப்பாகிட்ட சொல்லாத."

தண்டவாளத்துக்கு இப்பால் அத்தையைப் பிடித்துவிட்டேன். "அண்ணியா குடுத்தாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்த பெண்களோடு சேர்ந்து நடந்தாள்.

நான் திரும்பியபோது அம்மா கொல்லைக் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கிக்கினாளா? நெறைய பொண்ணுங்க போறாங்களா? என்னை மாதிரி, கொழந்த கீறவங்ககூட வர்றாங்களா?"

"நான் அந்த அக்காங்க கிட்ட போவலியே. சாயங்காலம் அத்தையையே கேளு" என்றேன். பேசக் கூடாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா ரயில் தண்டவாளம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயதுதான். அம்மாக்களுக்கு வயது என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.