பள்ளத்தில் ஒட்டிய துணி

கத்தியின் நுனி, குண்டு உருளும் மரப் பள்ளப்பாதையின் அடியில் இறங்கிப் பசையைச் சுரண்டியது. வலக்கை சுரண்டச் சுரண்ட, இடக்கைக் கட்டைவிரல் பின்னாலேயே போய்த் தடவிப் பார்த்தது. துணியின் ஓர் இழைகூட மிஞ்சக் கூடாது. பச்சைக் கம்பளித் துணி. பாதைக்கும் அதே பச்சை வண்ணம். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஒட்டியவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒட்டியவர், இப்போது சுரண்டிக்கொண்டிருக்கும் இந்தத் தச்சரேதான். கடை அலமாரி, பள்ளிக்கூட பெஞ்சு என்று இருபது வருஷம் இழைத்தவர், ஐந்து வருஷமாகப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்றுக்கொள்ளும் கூடங்களுக்குச் சாமான் செய்கிறார். வரைபடம் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாக வெட்டி, மறுபடி வெட்டித் தானே கற்றார். அதில் ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது: எது புரியாவிட்டாலும் யாரிடமும் கேட்க மாட்டார்.

இந்தக் கூடத்தை வடிவமைத்த பெண் கொடுத்தது எளிய வேலை. ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடியும் இரண்டு பாதைகள். ஒன்று நேராகச் சரியும். மற்றது நடுவில் பள்ளத்தில் இறங்கி ஏறும். கடைசியில் ஆளுக்கொரு மணி. இரண்டு இரும்புக் குண்டுகளை ஒன்றாக உருட்டிவிட வேண்டும். மேலே பலகையில் ஒரே கேள்வி: "எது முதலில் வரும்?" வரைபடத்தில் பதில் இல்லை.

நூறு தடவை ஓட்டிப் பார்க்காமல் எதையும் அவர் கைமாற்றியதில்லை. நூறு தடவையும் பள்ளத்தில் போன குண்டே முந்தியது. சுற்றிப் போகிறது எப்படி முந்தும்? தன் கைதான் எங்கோ பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார். மூன்று நாள் அளந்தும் பிசகு அகப்படவில்லை. நான்காம் நாள் பள்ளத்தில் துணியை ஒட்டினார். நேர்ப்பாதைக் குண்டு ஜெயித்தது. அப்பாடா என்றிருந்தது.

நேற்று கூடத்து மேலாளர் வந்து உருட்டிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா இருக்கு? பள்ளத்துல போறது இறங்குற வேகத்துலயே முந்தும், பசங்க வாயைப் பிளப்பாங்கன்னு சொன்னே. கொட்டாவிதான் விடுவாங்க."

அந்தப் பெண் நான்கைந்து முறை உருட்டினாள். முகம் செத்துவிட்டது. "என் கணக்கு எங்கயோ தப்பு போல, சார்."

"கணக்கு தெரியாமயே கூடம் கட்ட வந்தாச்சா? இதைக் கழட்டிட்டு ஒரு சறுக்குமரம் வை. நீ வரைஞ்ச மத்ததை எல்லாம் வேற ஆளை விட்டுப் பார்க்கணும்."

தச்சர் பக்கத்தில்தான் நின்றார். கோளாறு தான் ஒட்டிய துணியில்தான் என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. சுத்தமாக இருந்த தரையில் மரத்தூளைத் தேடித் தேடிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "மரம் மயிரிழை கோணினா உங்களுக்குச் சோறு இறங்காது. அந்தப் பொண்ணு தலை குனிஞ்சு நிக்கும்போது மட்டும் இறங்குதாக்கும்?" என்றாள். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

காலையில் அவர் சுரண்டி முடிக்கும் வேளையில் அந்தப் பெண் வந்தாள். "இன்னும் கழட்டலையாண்ணே?"

"கழட்டிட்டேன்மா. இதை." துணியை நீட்டினார்.

அவள் துணியையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா எனக்குத் தெரியலைன்னு தெரிஞ்சிடுமே."

"நீங்களும் பார்த்து அசரணும்னுதாண்ணே நான் பதிலைச் சொல்லலை." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நேத்தாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மேலாளர் உள்ளே வந்ததும், தச்சர் அவளை முந்திக்கொண்டு போய் இரண்டு குண்டுகளையும் அவர் கையில் வைத்தார். "உருட்டிப் பாருங்க, சார். இவங்க வரைஞ்சதுல தப்பில்ல. நான்தான் துணி ஒட்டிக் கெடுத்தேன். நேத்து தெரிஞ்சும் வாயைத் திறக்கலை."

"நல்ல ஆளுய்யா நீ!"

குண்டுகள் உருண்டன. பள்ளத்து மணி முதலில் அடித்தது. "அட!" என்று மேலாளர் மறுபடி குண்டுகளைப் பொறுக்கினார். தச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலை முடிந்ததற்கான ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, தலை நிமிராமலே இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.