ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

போன கிழமை எங்கள் வீட்டில் தேர்தல் மாதிரிப் பிரச்சாரம். மகளை ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? விண்ணப்பம் கொடுக்க ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

மனைவிக்கு, பஸ் ஏறிப் போகிற பெரிய பள்ளிக்கூடம். எனக்கு, வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சின்னப் பள்ளிக்கூடம். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவன்... என் பேச்சு எடுபடுமா?

"அங்க லேப் இரிக்கி, பேண்ட் வாத்தியம் இரிக்கி, மூணு மாடி இரிக்கி. உங்கட ஸ்கூல்ல என்ன இரிக்கி? வேப்பமரம்!" என்றாள் மனைவி.

"வேப்பமரத்துக்கு பஸ் ஏறத் தேவயில்லயே" என்றேன்.

முடிவாகவில்லை. சரி, அல்லாஹ்விடமே கேட்போம் என்று இருவரும் இஸ்திகாரா தொழுதோம் — எது நல்லதோ அதைக் காட்டித் தா என்று கேட்கிற தொழுகை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால், மனைவியின் முகமெல்லாம் சிரிப்பு.

"இஞ்சருங்க, கெனாக் கண்டன். புள்ள மூணாம் மாடியில நிண்டு கை காட்டுறா!"

"நானும் கண்டன். வேப்பமரத்துக்குக் கீழ நிக்கிறா."

ஒரே இரவில் ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் நிற்குமா? எங்கள் ஆசையைத் தொழுகைப் பாயில் வைத்துவிட்டு, அதையே பதில் என்று எடுத்துக்கொண்டு எழும்பியிருக்கிறோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மகளிடம் அப்போதுதான் கேட்டேன். "மகள், உங்களுக்கு எது விருப்பம்?"

"சின்ன ஸ்கூல், வாப்பா."

காரணம் தயங்கித் தயங்கித்தான் வந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை அவள் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில்தான் எழுதினாள். "அங்க பாத்ரூம் கதவுக்குக் கொக்கி இல்ல. பயத்துல தண்ணியும் குடிக்கல்ல. ரெண்டாம் பேப்பர் முழுக்க அடக்கிட்டு இரிந்தன்."

மனைவியின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. பரீட்சைப் பெறுபேறு, லேப், மாடி — எல்லாம் விசாரித்தோம். பெண் பிள்ளையைப் பெற்ற நாங்கள் கதவைப் பற்றிக் கேட்டோமா?

அன்று காலையே மூவரும் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதிபர் ஆசையாகப் பெறுபேற்றுப் பட்டியலை எடுத்தார்.

"சேர், அது கிடக்கட்டும். பொம்புளப் புள்ளையள்ற பாத்ரூம் எங்க?" என்றாள் மனைவி.

உள்ளே போய், கொக்கியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, கதவை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். வெளியே வந்தாள். "ஃபோமத் தாங்க, சேர்."

பிள்ளைக்கு இடம் கிடைத்தும் எனக்கு மனம் ஆறவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பதும் நம் பிள்ளைகள்தானே? கல்முனை பஸாரில் கொக்கிகள் வாங்கிக்கொண்டு போய், அந்த அதிபரிடம் அனுமதி கேட்டு, கதவுக்குக் கதவு நானே பொருத்திவிட்டு வந்தேன்.

மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் நன்மை வந்துகொண்டே இருக்கும் தர்மம் என்றால், கிணறு வெட்டுவதுதான் என்று இருந்தேன். கொக்கியையும் அல்லாஹ் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வான்... இன்ஷா அல்லாஹ்.